தம்பிக்கு கனடா ஸ்டடி பர்மிட் திரும்பத் திரும்ப ரிஜெக்ட்: மறுபடி போடலாமா?

மலர்க்கொடி

வணக்கம். தம்பிக்காக எழுதறேன். மெக்கானிக்கல் முடிச்சிட்டு வாகன உதிரிபாகம் செய்யற கம்பெனியில குவாலிட்டி பிரிவுல வேலை பார்க்கறான். கனடாவுல படிக்கணும்னு ஆசை. முதல்ல ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் படிப்புக்கு ஒரு ஏஜென்ட் மூலமா போட்டோம், ரிஜெக்ட். அதே ஏஜென்ட், "கோர்ஸை மாத்தினா கிடைச்சுடும்"னு பிசினஸ் அனலிட்டிக்ஸ்ல போட்டார், அதுவும் ரிஜெக்ட். அப்புறம் கல்லூரியையும் மாகாணத்தையும் மாத்திப் போட்டும் அதே பதில்தான்.

அப்பா ரிட்டயர் ஆனப்போ வந்த பணத்தைத்தான் இதுக்கு ஒதுக்கி வச்சிருக்கார். தம்பி வீட்ல யார்கிட்டயும் சரியா பேசறதே இல்ல. சொந்தக்காரங்க ஃபோன் பண்ணினா எழுந்து மொட்டை மாடிக்குப் போயிடறான். ஏஜென்ட் அடுத்த இன்டேக்குக்கு (கல்லூரி சேர்க்கைப் பருவத்துக்கு) உடனே ஃபைல் போடணும்னு அவசரப்படுத்தறார். திரும்பத் திரும்பப் போட்டா பேர் கெட்டுப் போகுமா? எத்தனை தடவை வேணா போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மெக்பையன்

அக்கா, எத்தனை தடவைங்கறதுக்கு வரம்பு கிடையாது. இவ்வளவு நாள் காத்திருக்கணும்னும் இல்ல. ஆனா கடைசியா வந்த கடிதத்துல என்ன காரணம் எழுதியிருக்குன்னு பார்க்காம யாராலயும் பதில் சொல்ல முடியாது. கடிதத்தோட, ஏன் மறுத்தார்னு விசா அதிகாரி எழுதின குறிப்பும் இருக்கான்னு பாருங்க. 2025 ஜூலை கடைசியில இருந்து ஸ்டடி பர்மிட் மறுப்புகளோட அந்தக் குறிப்பையும் சேர்த்தே அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க.

வேகன்22

இதுக்கெல்லாம் யோசிச்சுட்டே இருந்தா இன்டேக் போயிடும். ஏஜென்ட்டை மாத்துங்க. புது ஏஜென்ட்கிட்ட பழைய ரிஜெக்ஷன் பத்திச் சொல்லவே வேணாம், ஃபார்ம்லயும் "இல்லை"ன்னு போட்டு ஃப்ரெஷ் ஃபைலா அனுப்புங்க. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அப்படித்தான் பண்ணினான். இல்லன்னா ஆஸ்திரேலியாவுக்கு மாத்திடுங்க, அங்க இது தெரியவே தெரியாது.

சட்டப்படி

வேகன்22 சொன்னதை இந்த இழையைப் படிக்கும் யாரும் செய்துவிடாதீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. குடியேற்ற வழக்குகளைக் கையாளும் அலுவலகம் ஒன்றில் கோப்பு தயாரிக்கும் வேலை செய்கிறேன். இந்த ஒரே பொய்யால் வாசல் அடைபட்டுப் போனவர்களின் கோப்புகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

விண்ணப்பப் படிவத்தில் கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு விசா, பர்மிட் மறுத்திருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். உங்கள் தம்பி கொடுத்த கைரேகை 10 வருடம் செல்லும். முதல் விண்ணப்பத்திலேயே அவருக்கு ஒரு வாடிக்கையாளர் எண் கொடுத்திருப்பார்கள். அடுத்து எத்தனை ஏஜென்ட் மாறினாலும் எல்லாக் கோப்பும் அந்த எண்ணின் கீழேதான் திறக்கும். ஆகவே "இல்லை" என்று எழுதினால் அதிகாரிக்கு அது பொய் என்று உடனே தெரியும். கனடாவின் குடியேற்றச் சட்டம் 40ஆம் பிரிவின்படி, முக்கியமான தகவலை மறைத்தாலோ திரித்தாலோ 5 வருடத் தடை. அந்த 5 வருடமும் படிப்புக்கு மட்டுமல்ல, சுற்றுலாவாகக்கூட நுழைய முடியாது. ஏஜென்ட் எழுதினார், எனக்குத் தெரியாது என்ற பதில் பெரும்பாலும் எடுபடுவதில்லை, கையெழுத்து விண்ணப்பதாரருடையது என்பதால்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெரியாது என்பதும் தவறு. கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் விசா தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அங்கேயும் இதே கேள்வியைக் கேட்பார்கள்.

சகோதரி, பேர் கெட்டுப் போகுமா என்று கேட்டீர்கள். மறுப்பு இருப்பதே குற்றம் இல்லை. பல மறுப்புகளுக்குப் பிறகு அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புது அதிகாரி பழைய குறிப்புகளைத் திறந்து பார்ப்பார். அதே காகிதத்தை அனுப்பினால் அதே பதிலைத்தான் எழுதுவார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கதை சொல்லியிருந்தால் அதுவே புதுக் காரணமாகிவிடும்.

மலர்க்கொடி

ரொம்ப நன்றி. கடைசிக் கடிதத்தோட குறிப்பு இருக்கு, முன்னாடி வந்ததுல இல்ல. ஏஜென்ட் எங்களுக்குக் கடிதத்தோட முதல் பக்கத்தை மட்டும்தான் வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தார். நேத்து சண்டை போட்டு முழுசையும் வாங்கினேன்.

அதுல இருக்கறதோட சாரம் இதுதான். விண்ணப்பதாரர் ஏற்கனவே பட்டம் பெற்று அதே துறையில வேலை செய்யறார், இவ்வளவு செலவு பண்ணி இந்தப் படிப்பு படிக்கறதால அவர் வேலைக்கு என்ன கிடைக்கும்னு தெளிவா இல்ல. முன்னாடி கேட்ட படிப்புகள் வேற, இப்போ கேட்கறது வேற, காரணம் சொல்லல. அப்பா கணக்குல பெரிய தொகை ஒண்ணு சமீபத்துல வந்திருக்கு, எங்கிருந்து வந்ததுன்னு ஆதாரம் இல்ல. தங்கற காலம் முடிஞ்சதும் நாட்டை விட்டுக் கிளம்புவார்னு நம்பிக்கை வரல.

அந்தப் பெரிய தொகை அப்பாவோட பி.எஃப், கிராஜுவிட்டி. முப்பது வருஷத்துக்கு மேல உழைச்ச பணம். அதைப் போய் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டிருக்காங்கன்னு படிச்சப்போ அப்பா ஒண்ணும் பேசல, அந்தத் தாளை மடிச்சு வச்சுட்டார்.

மேப்பிள்நிழல்

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்துப் பக்கம், இப்ப கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். என்ர மருமகனுக்கும் இதே பிரச்சினைதான் வந்தது, அதால கொஞ்சம் விபரமாச் சொல்லுறன்.

அப்பாட காசு நேர்மையான காசு எண்டு உங்களுக்குத் தெரியும். ஆனா அதிகாரி பார்க்கிறது பாங்க் ஸ்டேட்மென்டில ஒரு வரி மட்டும்தான். திடீரெண்டு ஒரு பெரிய தொகை வந்து நிக்குது. கடன் வாங்கிப் போட்டுக் காட்டீட்டுத் திருப்பிக் குடுக்கிற ஆக்களின்ர கணக்கும் அப்பிடித்தான் இருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் காட்டுறது காகிதம்தான். அப்பாட ஓய்வு ஆணை, பி.எஃப் தீர்த்துக் குடுத்த ஸ்டேட்மென்ட், கிராஜுவிட்டி கணக்குத் தாள், அந்தத் தொகை பாங்கில வந்து விழுந்த தேதி, இவ்வளவையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய் வைச்சு, தொகையும் தேதியும் பொருந்துது எண்டு அரைப் பக்கத்தில எழுதுங்கோ. 4 மாத ஸ்டேட்மென்ட் கேக்கிறவை. காசு அதுக்கு முதலே வந்திருந்தா அந்த மாதத்து ஸ்டேட்மென்டையும் சேர்த்து வையுங்கோ. காணி, வீட்டு மதிப்பெண்டு சி.ஏ போட்டுக் குடுக்கிற தாளை மட்டும் நம்பாதேங்கோ. வீட்டை வித்து ஃபீஸ் கட்டப் போறதில்லையே, அதை அதிகாரி கையில இருக்கிற காசாப் பார்க்க மாட்டார்.

மற்றது, பழைய மறுப்புகளின்ர குறிப்பும் உங்களுக்கு வேணும். அதைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எடுக்கலாம், கட்டணம் 5 டொலர். ஆனா அந்தச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டில இருந்து நேரடியாக் கேக்கேலாது. கனடாவில இருக்கிற ஒராள் உங்கட தம்பியின்ர ஒப்புதல் படிவத்தோட கேக்க வேணும். சொந்தம் ஆரும் இங்க இருந்தா அவையைக் கேளுங்கோ. கேக்கேக்குள்ள குறிப்பை மட்டும் கேக்காமல், ஏஜென்ட் அனுப்பின முழு விண்ணப்பத்தின்ர பிரதியையும் கேளுங்கோ. இது முக்கியம். ஏஜென்ட் என்ன எழுதி அனுப்பினவர் எண்டு கன குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது.

வேகன்22

சரி, மறைக்கறது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா கோர்ட்டுக்குப் போகலாமே? கனடா ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட்டு ஜெயிச்சவங்க நிறைய பேர் இருக்காங்களே?

சட்டப்படி

போகலாம், ஆனால் எல்லாக் கோப்புக்கும் அது பொருந்தாது. கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவு என்றால், அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் மனு போட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் 50 டாலர்தான். வழக்கறிஞர் கட்டணம்தான் பெரிது. நீதிமன்றம் விசா கொடுக்காது. அதிகாரியின் முடிவு நியாயமான காரணத்தோடு எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும். இல்லை என்றால் வேறொரு அதிகாரியிடம் திருப்பி அனுப்பும். அவர் மறுபடி மறுக்கவும் கூடும். 2024 அக்டோபர் 1 முதல் ஸ்டடி பர்மிட் வழக்குகளுக்கு மட்டும் ஒரு சுருக்கமான வழியைச் சோதனை முறையில் கொண்டுவந்தார்கள். சிக்கலில்லாத கோப்பு என்றால் சுமார் 5 மாதத்தில் முடிப்பது அதன் நோக்கம்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. அதிகாரி முடிவெடுத்த அன்று அவர் முன்னால் என்ன காகிதம் இருந்ததோ அதை வைத்துத்தான் நீதிபதி பார்ப்பார். புது ஆதாரத்தைப் பொதுவாக அங்கே கொண்டுபோக முடியாது. சகோதரியின் தம்பி கோப்பில் பணத்துக்கான ஆதாரம் இல்லவே இல்லை. அதிகாரி "ஆதாரம் இல்லை" என்று எழுதியது உண்மைதான், அதில் நீதிமன்றம் குறை காண வாய்ப்பு குறைவு. எல்லா ஆதாரமும் இருந்தும் அதிகாரி அதைப் படிக்காததுபோல் எழுதியிருந்தாலோ, கல்யாணமாகாதவர், பிள்ளைகள் இல்லை, அதனால் திரும்ப மாட்டார் என்று அதை மட்டுமே காரணமாக்கியிருந்தாலோ வழக்கு வலுவாக இருக்கும். அப்படிப் பார்த்தால் மாணவர்களில் பெரும்பாலோரை மறுக்க வேண்டியிருக்கும் என்ற கருத்தில் ஃபெடரல் கோர்ட் பேசியிருக்கிறது.

இந்தக் கோப்புக்கு என் கருத்து: காகிதத்தில் ஓட்டை இருக்கிறது. அதை அடைத்துப் புது விண்ணப்பம் போடுவதே சரி. புதிதாகப் போட்டால் 150 டாலர் கட்டணம். கைரேகை இன்னும் செல்லும் என்பதால் அதற்கான 85 டாலர் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

மெக்பையன்

பணத்தைக் காகிதத்தால சரி பண்ணிடலாம் அக்கா. எனக்குக் கவலையா இருக்கறது படிப்பு மாறி மாறி வந்திருக்கறதுதான். எனக்கும் முதல்ல மறுத்துட்டுத்தான் அப்புறம் கொடுத்தாங்க. ரெண்டு விண்ணப்பத்துக்கும் நடுவுல என் வங்கிக் கணக்கு மாறல, ஐ.ஈ.எல்.டி.எஸ் ஆங்கிலத் தேர்வு மார்க் மாறல. மாறினது விளக்கக் கடிதம் மட்டும்தான்.

ஏஜென்ட் எழுதற எஸ்.ஓ.பி (அந்த விளக்கக் கடிதம்) எல்லாம் ஒரே அச்சுல இருக்கும். கனடா பன்முகக் கலாச்சார நாடு, உலகத் தரக் கல்வி, சின்ன வயசுல இருந்தே கனவு. அதைப் படிச்சு அதிகாரிக்கு உங்க தம்பி யார்னு ஒண்ணும் தெரியாது. தம்பிகிட்ட ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்க: உன் வேலையில எது உனக்குத் தெரியாம தடுமாறற? எந்தப் பதவிக்குப் போகணும்? அந்தப் பதவி விளம்பரத்துல என்ன தகுதி கேட்கறாங்க? இந்தியாவுலயே அதைப் படிக்க முடியுமா, முடியும்னா ஏன் அங்க போகணும்? கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. அதுக்கு நேர்மையான பதில் வரலேன்னா விண்ணப்பமே போட வேணாம்னு சொல்லுவேன்.

நான் என் கடிதத்துல கல்லூரிப் பாடத்திட்டத்துல இருந்து குறிப்பிட்ட பாடங்களை எடுத்து, என் வேலையில ஒவ்வொண்ணும் எங்க பயன்படும்னு எழுதினேன். என் மேனேஜர், படிச்சுட்டு வந்தா இந்தப் பிரிவுல எடுத்துக்கறோம்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல கொடுத்தார். பழைய மறுப்புல சொன்ன காரணங்களை நானே முதல் பத்தியில எடுத்துச் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் எந்த இணைப்புல பதில் இருக்குன்னு காட்டினேன்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

அம்மா மலர்க்கொடி, உன் அப்பா வயதுக்காரன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அந்தப் பணம் போனால் வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

2023 வரை தங்கும் செலவுக்கு 10,000 கனடா டாலர் காட்டினால் போதும் என்றார்கள். 2024 ஜனவரியில் அதை 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் முதல் 22,895. இது ஒரு ஆளுக்கு, கியூபெக் தவிர்த்து, கல்விக் கட்டணமும் பயணச் செலவும் சேராமல். போய் வேலை பார்த்துக் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். படிப்பு நடக்கும் வாரங்களில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் போகிறேன் என்றால் அதிகாரி அனுமதி கொடுக்க மாட்டார்.

இன்னொன்று. படிப்பு முடிந்து கிடைக்கும் வேலை அனுமதியை நம்பித்தான் பாதிப் பெற்றோர் கடன் வாங்குகிறார்கள். 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, கல்லூரிச் சான்றிதழ் படிப்புகளில் குறிப்பிட்ட துறைகளுக்குத்தான் அது உண்டு. பட்டப் படிப்புகளுக்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. நீங்கள் முன்பு போட்ட பிசினஸ் வகைப் படிப்பு அந்தப் பட்டியலில் இருந்ததா என்று அந்த ஏஜென்ட் ஒரு வார்த்தை சொன்னாரா? கல்லூரியிடமிருந்து கமிஷன் வாங்குபவர் கல்லூரிக்கு எது வசதியோ அதைத்தான் சொல்வார்.

நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பையன் ஆசைப்படுகிறான், திறமையும் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கை அவனும் உன் அப்பாவும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

மலர்க்கொடி

ஐயா, வேலை அனுமதி பத்தி ஏஜென்ட் சொல்லவே இல்ல. எல்லாருக்கும் கிடைக்கும்னுதான் நினைச்சிருந்தோம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

மேப்பிள்நிழல் அண்ணா, நீங்க சொன்ன மாதிரி முழு விண்ணப்பத்தோட பிரதியைக் கேட்டேன். ஏஜென்ட் முதல்ல முடியாதுன்னார். அவர் மின்னஞ்சல்லதான் விண்ணப்பக் கணக்கே திறந்திருக்கார், கடவுச்சொல் எங்ககிட்ட இல்ல. கனடா சட்டப்படி கேட்டு வாங்கிக்கறோம்னு சொன்னதும் அனுப்பினார். படிச்சா பகீர்னு இருக்கு. தம்பி காலேஜ் முடிச்சு எட்டு மாசம் வேலை தேடிட்டு இருந்தான். முதல் விண்ணப்பத்துல அது சரியா இருக்கு. அடுத்ததுல அந்த இடைவெளியே இல்லாம, காலேஜ் முடிச்ச மாசமே வேலையில சேர்ந்தான்னு போட்டிருக்கார். எங்களுக்குத் தெரியாம. இப்போ என்ன பண்றது? தம்பி ராத்திரி முழுக்கத் தூங்கல.

சட்டப்படி

முதலில் பயத்தை விடுங்கள். உங்களுக்குத் தடை வந்ததாக எந்தக் கடிதமும் இல்லை. தவறான தகவல் கொடுத்ததாக அதிகாரி சந்தேகப்பட்டால், பொதுவாக முடிவெடுப்பதற்கு முன் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புவார், பதில் சொல்ல அவகாசமும் கொடுப்பார். அப்படி ஒன்று உங்கள் ஏஜென்ட்டின் மின்னஞ்சலில் கிடக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

புது விண்ணப்பத்தில் வேலைத் தேதியை உண்மைப்படி எழுதுங்கள். அதோடு விளக்கக் கடிதத்தில் தனிப் பத்தியாக, இந்த விண்ணப்பத்தில் இந்த இடத்தில் தேதி தவறாக இருந்தது, விண்ணப்பத்தைத் தயாரித்தவர் எழுதியது, பிரதி கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, சரியான தேதி இது, ஆதாரமாக வேலை நியமனக் கடிதமும் முதல் சம்பளப் பட்டியலும் இணைப்பு, என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எட்டு மாதம் வேலை தேடியது எந்தப் பட்டதாரிக்கும் நடப்பதுதான். அதை மறைத்தால்தான் ஆபத்து. இந்தப் பகுதியை மட்டும் உரிமம் உள்ள ஒருவர் பார்த்துக் கொடுத்தால் நல்லது.

காசு வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் விண்ணப்பிக்க உரிமை உள்ளவர்கள் கனடா வழக்கறிஞர்கள், அங்குள்ள வழக்கறிஞர் சங்கத்தில் பதிவுபெற்ற பாராலீகல்கள் (சட்டப் பணியாளர்கள்), கியூபெக் நோட்டரிகள், குடியேற்ற ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர்கள் மட்டுமே. அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். பிரதிநிதிக்கான படிவத்தில் தன் பெயரை எழுத மறுப்பவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

மேப்பிள்நிழல்

கணக்கைத் தம்பியின்ர சொந்த மின்னஞ்சலில திறவுங்கோ தங்கச்சி. ஆர் உதவி செய்தாலும் கடவுச்சொல் அவன்ர கையிலதான் இருக்க வேணும். அந்த ஏஜென்டிட்டப் போய்ச் சண்டை பிடிச்சு நேரத்தை வீணாக்காதேங்கோ. கட்டின ஃபீஸைத் திருப்பி எடுக்கிறதுக்கு அந்தக் கல்லூரிக்கு மறுப்புக் கடிதத்தை வைச்சு நேரடியா எழுதுங்கோ. கன கல்லூரியள் ஒரு நிர்வாகக் கட்டணத்தைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைத் தரும். ஆனா அதுக்குக் கடைசித் தேதி இருக்கும்.

தம்பியோட நான் ஒருக்காக் கதைக்கலாமோ? என்ர மருமகன் இப்ப படிப்பு முடிக்கப் போறான். அவனும் அந்த நேரம் ஒரு சொந்தக்காரரிட்டயும் முகம் குடுக்காமல்தான் இருந்தவன்.

மலர்க்கொடி

அண்ணா, கண்டிப்பா பேசுங்க. தனிச் செய்தியில நம்பர் அனுப்பியிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். மெக்பையன் தம்பி சொன்ன கேள்விகளை எல்லாம் கேட்டேன். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டும் அனலிட்டிக்ஸும் தான் கேட்ட படிப்பே இல்ல, சீட் சுலபமா கிடைக்கும்னு ஏஜென்ட் தள்ளினதுன்னு இப்போதான் வாயைத் திறந்து சொன்னான். அவனுக்கு ஆசை உற்பத்தித் தரக் கட்டுப்பாட்டுல. கம்பெனியில புதுசா அளவீட்டு மெஷின் வந்திருக்கு, அதோட புள்ளியியல் பக்கம் சொல்லித் தர ஆள் இல்லன்னு அரை மணி நேரம் விளக்கினான். இவ்வளவு பேசி நாங்க பார்த்ததே இல்ல. அப்பா எழுந்து போய் ஓய்வு ஆணை, பி.எஃப் தாள் இருக்கற கோப்பை எடுத்துட்டு வந்தார்.

அடுத்த இன்டேக்குக்குப் போடறதா இல்ல. அதுக்கு அடுத்ததுதான். அந்தத் துறையில எந்தப் படிப்பு வேலை அனுமதிப் பட்டியல்ல வருதுன்னு பார்த்துட்டு, பழைய குறிப்புகள் வந்தப்புறம்தான் கல்லூரிக்கே விண்ணப்பம். மாகாண அரசு மாணவருக்கு இடம் ஒதுக்கினதுக்குத் தர்ற சான்றுக் கடிதமும் புதுசா வாங்கணும்னு கல்லூரியில சொன்னாங்க. தம்பி மேனேஜர்கிட்ட இன்னைக்குப் பேசப் போறான்.

நூல்வேலி

இதைப் படிச்சுட்டு எழுதறேன். என் பொண்ணுக்கு மறுப்பு வந்து ஏழு வாரம் ஆகுது. குறிப்புல பணம் காட்டலன்னு எழுதியிருக்கு. ஆனா நாங்க ஜி.ஐ.சி (தங்கும் செலவுக்காகக் கனடா வங்கியில போட்ட வைப்புத்தொகை) சான்றிதழும் முதல் வருஷ ஃபீஸ் ரசீதும் வச்சு அனுப்பினோம், பதிவேற்றின ரசீதும் இருக்கு. நாங்களும் புதுசாவே போடணுமா?

சட்டப்படி

உங்கள் கோப்பு வேறு மாதிரி. காகிதம் அதிகாரி முன்னால் இருந்தும் இல்லை என்று எழுதியிருந்தால் அது நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய விஷயம். ஏழு வாரம் என்றால் 60 நாளில் மிச்சம் பத்து பதினோரு நாள்தான். கடிதம் மகள் கணக்கில் வந்த தேதியைப் பாருங்கள். குறிப்பு, பதிவேற்றிய கோப்புகளின் பட்டியல், ஜி.ஐ.சி சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு கனடா குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இன்றே பேசுங்கள். புது விண்ணப்பத்தைப் பிறகுகூடப் போடலாம், இந்தக் கெடு போனால் நீட்டிப்பது கடினம்.